கொழுந்து எடை ஃபேக்டரிக்குச் சரியாகப் போய்ச்சேர: மலைத் தோட்டத்தில் தகவல் தொடர்பை அமைப்பது எப்படி

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் லைன் கிடைக்காவிட்டால் பழியெல்லாம் மூடுபனி மேல்தான். மொபைல், வாக்கி டாக்கி அலைகளை மூடுபனி பெரிதாகத் தடுப்பதில்லை. தடுப்பது மலைமுகடு. அதனால் எதையும் வாங்கும் முன், வேறு வேறு கம்பெனியின் இரண்டு சிம் போட்ட ஒரு போனோடு எடை போடும் ஒவ்வொரு இடத்துக்கும் நடந்து போங்கள். கோடுகளை எண்ணி ஏமாறாமல் அழைத்துப் பேசிப் பாருங்கள். பேச முடிகிறது, மெசேஜ் மட்டும் போகிறது, ஒன்றுமே இல்லை என்று மூன்று வகையாகத் தோட்ட வரைபடத்தில் குறியுங்கள்.

ஒன்றுமே இல்லாத இடங்களுக்குத்தான் வாக்கி டாக்கி. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் இயங்கும், ஈ.டி.ஏ. (கருவி வகைக்கு அரசு தரும் ஒப்புதல்) சான்று பெற்ற செட்டுக்குத் தனி லைசென்ஸ் வேண்டாம். ஆன்லைனில் மலிவாக வரும் 5 வாட் செட்டுகளில் பல இந்த எல்லைக்கு வெளியே ஒலிபரப்புபவை; அவற்றுக்கு லைசென்ஸ் வேண்டும். பெட்டியில் ‘5 கி.மீ.’ என்று போட்டிருப்பது திறந்தவெளிக் கணக்கு. நடுவில் ஒரு முகடு வந்தால் ஒரு கிலோமீட்டரே சந்தேகம். முகட்டில் வேலை பார்க்கும் சூப்பர்வைசரிடம் ஒரு செட்டைக் கொடுத்து, கீழே கேட்டதை மேலே திருப்பிச் சொல்ல வைப்பதுதான் செலவில்லாத வழி.

பட்டனை அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேசுங்கள். இல்லாவிட்டால் முதல் சொல் அறுந்துவிடும். அழைப்பது எந்த டிவிஷன் (தோட்டப் பிரிவு) என்பதே தெரியாமல் போகும். அதைவிடத் தொல்லை எண்களில் இருக்கிறது. இரைச்சலில் எழுபதும் எண்பதும் ஒன்றாகக் கேட்கும், தொண்ணூறு தொள்ளாயிரமாகும். ஆகவே இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும்:

“ஃபேக்டரி, மேல் டிவிஷன் பேசுறேன். லாரி ரெண்டு. எடை ஆறு, எட்டு, சைபர். பத்து இருபதுக்குக் கிளம்பியாச்சு. ஓவர்.”

“மேல் டிவிஷன், லாரி ரெண்டு, ஆறு, எட்டு, சைபர், பத்து இருபது. சரிங்கண்ணா, ஓவர்.”

திருப்பிச் சொன்ன பிறகுதான் நோட்டில் ஏற வேண்டும். கிளம்பிய நேரத்தை விட்டுவிடாதீர்கள். சாக்கில் அமுங்கிய கொழுந்து சூடேறிச் சிவக்கும். எத்தனை கிலோ, எப்போது வருகிறது என்று தெரிந்தால்தான் கொழுந்தைப் பரப்பி வாட்டும் இடத்தை ஃபேக்டரியில் ஒழித்து வைக்க முடியும்.

வாட்ஸ்அப்புக்கு இரண்டு குரூப் போதும். ‘நாளைக்கு எந்த ஃபீல்டு’ போன்ற அறிவிப்புக்கு ஒன்று, அதில் அட்மின் மட்டும் எழுதும்படி செட்டிங்கை மாற்றுங்கள். வேலைப் பேச்சுக்கு இன்னொன்று. குட் மார்னிங் படங்கள் எதிலும் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. பிறகு சொன்னால் மனத்தாங்கல். எடையை வாய்ஸ் மெசேஜில் அனுப்பக் கூடாது, பத்து நாள் கழித்துத் தேடினால் கிடைக்காது. சிக்னல் இல்லாத இடத்தில் எழுதியது கடிகாரக் குறியோடு நிற்கும், மேட்டுக்கு வந்த பிறகே கிளம்பும். அதனால் எடை போட்ட நேரத்தை மெசேஜுக்குள்ளேயே எழுதுங்கள். எடைச் சீட்டைப் படமெடுத்தால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிப் பென்சில் எழுத்து மங்கும்.

கணக்கு நிற்க வேண்டிய இடம் குரூப் அல்ல, கூகுள் ஷீட். தேதி, ஃபீல்டு, லாரி, தோட்ட எடை, ஃபேக்டரி எடை, வித்தியாசம்: ஆறு பத்திகள். போனில் அந்த ஷீட்டை ஆஃப்லைனிலும் கிடைக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் ஃபார்ம் இங்கே உதவாது, அதை அனுப்ப நெட் வேண்டும். ஆஃப்லைனில் இருவர் ஒரே கட்டத்தில் எழுதினால் ஒருவர் எழுதியது அழிந்துபோகலாம். ஆகவே டிவிஷனுக்கு ஒரு தாள் பிரித்து, மற்றவர் கை வைக்காதபடி பூட்டுங்கள். மழை நாளில் வழியில் நீர் வடிந்து ஃபேக்டரி எடை குறைவது இயல்பு. வெயில் நாளிலும் பெரிய வித்தியாசம் வந்தால் முதலில் தராசைப் பாருங்கள்.

வாங்குபவர்களோடு வீடியோ மீட்டிங் என்றால் கொழுந்தை உருட்டும் ரோலர் மெஷினின் இரைச்சல் எட்டாத அறையில், மைக் உள்ள ஒயர் ஹெட்போனோடு உட்காருங்கள். லைன் திணறினால் கேமராவை அணைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். குரலுக்கு 100 கேபிபிஎஸ் அளவு நெட் வேகம் போதும். இலவச ஜூம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் சில நொடி இடைவெளியில் மோடம் அணைந்து, மீண்டும் எழ இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். மீட்டிங் பெரும்பாலும் இங்கேதான் அறுகிறது. மோடத்துக்கும் ரவுட்டருக்கும் மினி யுபிஎஸ் போடுங்கள். இரண்டும் சேர்ந்து 12 வாட் இழுத்தால் 36 வாட்-அவர் பேட்டரி கணக்குப்படி மூன்று மணி நேரம், நடைமுறையில் இரண்டரை. வாங்கும் முன் இரண்டு அடாப்டரையும் திருப்பிப் பாருங்கள்: ஒன்றில் 12 வோல்ட், மற்றதில் 9 வோல்ட் என்றிருந்தால் இரண்டு அளவும் தனித்தனியாகத் தரும் யுபிஎஸ் வேண்டும். 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட்டைச் செருகினால் கருகிவிடலாம்.