யூரின் ஏசிஆர் அறிக்கை: நான் பார்க்காமல் விட்ட மூன்றாவது வரி

அப்பாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்துவரச் சொன்னார் மருத்துவர். "கிட்னிக்காகவா டாக்டர்?" என்றேன். "பக்கவாதத்துக்காகவும்தான்" என்றார். சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்ச் சுவர் பழுதானால் ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியும். அதே பழுது மூளையின் ரத்தக் குழாய்களிலும் இருக்கக்கூடும். 2009இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, புரதம் போகிறவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 70 சதவீதம் கூடுதலாக இருந்தது.

1. லேபில் "யூரின் ஏசிஆர்" என்றே கேளுங்கள்; சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் அது. சிறுநீரில் தோய்த்தால் நிறம் மாறும் பட்டையை நான் நம்புவதில்லை; தொடக்கக் கசிவு அதில் பெரும்பாலும் தெரியாது.

2. எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீர் நல்லது. சற்றுப் போகவிட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தால், முந்தைய நாள் கடுமையாக உடற்பயிற்சி செய்திருந்தால், தள்ளிப்போடுங்கள்.

3. நான் சறுக்கிய இடம் இதுதான். அறிக்கையில் மூன்று வரிகள். முதல் வரியில் ஆல்புமின், லிட்டருக்கு 18 மி.கி. பக்கத்திலேயே "20க்குள்" என்று அச்சிட்டிருந்தது. நிம்மதியாக மடித்து வைத்துவிட்டேன். அப்பாவோ அன்று காலை இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் புட்டியை நிரப்பியிருந்தார். நீர்த்த சிறுநீரில் ஆல்புமின் குறைவாகத்தானே தெரியும்? அதைச் சரிக்கட்டத்தான் இரண்டாவது வரியில் கிரியேட்டினின் (தசையிலிருந்து வரும் கழிவு; சிறுநீர் நீர்த்தால் இதுவும் சேர்ந்தே குறையும்): டெசிலிட்டருக்கு 40 மி.கி. 18ஐ 40ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 45. மூன்றாவது வரியில் அந்த 45 இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு ஆல்புமின் 30 மி.கி.க்குள் இருக்க வேண்டும். 300ஐத் தாண்டினால் கசிவு கடுமை.

4. ஒரே அறிக்கையை வைத்துக் கலங்க வேண்டாம். மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் எடுக்கும் மூன்று மாதிரிகளில் குறைந்தது இரண்டில் கூடுதலாக இருந்தால்தான் உறுதி செய்வார்கள். அப்பாவுக்கு இரண்டாம் முறையும் கூடுதல்தான். ரத்த அழுத்த மாத்திரையை மாற்றி எழுதினார் மருத்துவர். கசிவையும் குறைக்கும் வகையாம்.

பின்சேர்க்கை: லண்டன் வாசகர் ஒருவர், "எனக்கு 5தான், கவலையில்லையே?" என்று கேட்டிருந்தார். அங்கே அலகு வேறு, மில்லிமோலுக்கு மி.கி. அந்தக் கணக்கில் வரம்பே 3தான். அவருடைய 5, நம் கணக்கில் ஏறத்தாழ 44.

இன்னொன்று: மாதவிடாய் நாட்களில் மாதிரி கொடுக்காதீர்கள். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். அப்பாவை வைத்தே யோசித்ததில் விட்டுப்போயிற்று.