மேசைமேல் ஒரு தோட்டப்புறப் பட்டணம்: லெகோ கட்டைகளால் ஊர் அமைக்கும் முறை

வீட்டில் கட்டை நகரம் அமைக்க ஆசைப்படுகிறவர்களில் பலர் முதலில் கட்டடப் பெட்டிகளை வாங்கிவிட்டு, அவற்றை எங்கே வைப்பது என்று பிறகுதான் யோசிக்கிறார்கள். அப்படிச் செய்தால் தீயணைப்பு நிலையமும் காவல் நிலையமும் ஐரோப்பியப் பாணி அடுக்குவீடும் தோளோடு தோள் உரசி நிற்குமே தவிர, எந்த ஊருடைய சாயலும் மேசையில் வராது. தெருவின் அகலம், கடைவரிசையின் ஒழுங்கு, ஊர் முடிந்து தோட்டம் தொடங்கும் இடம் ஆகியவற்றை முதலில் தீர்மானித்துவிட்டால், சாதாரணக் கட்டைகளைக் கொண்டே நம் ஊரைக் கண்முன் கொண்டுவரலாம். மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற ஒரு பட்டணத்தை, அதாவது நெடுஞ்சாலையோரக் கடைவீடுகளும், பின்னால் ரயில் பாதையும், சுற்றிலும் பால்மரமும் (ரப்பர்) செம்பனையும் (எண்ணெய்ப்பனை) உள்ள ஊரை, மனத்தில் வைத்து இந்த வழிமுறை எழுதப்படுகிறது.

முதலில் அளவுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். டென்மார்க்கின் பில்லுண்ட் நகரிலுள்ள லெகோ நிறுவனம் இன்றைய கட்டையின் இணைப்பு முறைக்கு 1958ஆம் ஆண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. அன்றைய அளவே இன்றும் மாறாமல் இருப்பதால் பழைய கட்டையும் புதிய கட்டையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. கட்டையின் மேலுள்ள ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மில்லிமீட்டர். ஒரு கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர், மெல்லிய தட்டின் உயரம் 3.2 மில்லிமீட்டர். ஆகவே மூன்று தட்டுகள் சேர்ந்தால் ஒரு கட்டை. 32 குமிழ் நீள அகலமுள்ள அடித்தட்டு ஏறக்குறைய 25.6 சென்டிமீட்டர் சதுரம். 1978இல் வெளிவந்த சிறு மனித உருவம் சுமார் 4 சென்டிமீட்டர் உயரம் உடையது. அதை நம்மைப் போன்ற ஒருவராகக் கொண்டால், ஊரின் அளவுவிகிதம் ஏறத்தாழ 1:42 ஆகிறது. ஜொகூரில் 2012இல் திறக்கப்பட்ட லெகோலேண்டு கேளிக்கைப் பூங்காவில், கட்டைகளால் ஆன மாதிரி நகரங்கள் உள்ள மினிலேண்டு பகுதியைப் பார்த்தவர்கள் அதே பருமனில் வீட்டிலும் கட்டலாம் என்று நினைக்கக்கூடும். அங்கே 1:20 விகிதமே அடிப்படை; அந்த அளவில் ஒரு கடைவீட்டின் முகப்பே 30 சென்டிமீட்டரை எட்டிவிடும் என்பதால் வீட்டு மேசைக்கு அது ஒத்துவராது.

மேசையின் ஆழத்தை நம் கை எட்டும் தூரம்தான் நிர்ணயிக்கிறது. சுவரோடு ஒட்டிய மேசையென்றால் முன்பக்கத்திலிருந்து முக்கால் மீட்டருக்கு அப்பால் விழுந்த ஒரு விளக்குக் கம்பத்தை, முன்வரிசைக் கூரைகளைச் சாய்க்காமல் எடுத்து நிறுத்த முடியாது. எனவே ஆழத்தில் மூன்று அடித்தட்டுகள், அகலத்தில் நான்கு அடித்தட்டுகள் என்று தொடங்குவது நல்லது. அது 96 குமிழ் ஆழமும் 128 குமிழ் அகலமும் கொண்ட நிலம், சென்டிமீட்டரில் 76.8க்கு 102.4. பலகைக் கடையில் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டை 80க்கு 110 சென்டிமீட்டர் அளவில் அறுத்து வாங்கி, அடியில் மரச்சட்டம் அடித்துவிட்டால் நடுவில் தொய்யாது. நம் ஊர் ஈரத்தில் சாயம் பூசாத பலகை ஓரங்களில் உப்பிக்கொள்ளும் என்பதால், அடிப்பக்கத்துக்கும் அறுத்த விளிம்புகளுக்கும் மறக்காமல் சாயம் அடிக்க வேண்டும்.

வரைபடத்துக்கு மில்லிமீட்டர் கட்டம் போட்ட ஏ4 தாள் ஒன்று போதும். ஒரு குமிழை 2 மில்லிமீட்டராகக் கொண்டால் முழு நிலமும் 19.2க்கு 25.6 சென்டிமீட்டரில் அந்தத் தாளுக்குள் அடங்கிவிடும். கணினியில் வரைய விரும்புகிறவர்களுக்குப் பிரிக்லிங்க் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கட்டடங்களை நுணுக்கமாகத் திட்டமிட அது மிகவும் உதவும். ஆனால் தெருக்களைத் தீர்மானிக்கும் கட்டத்தில் பென்சிலும் அழிப்பானும்தான் விரைவானவை.

96 குமிழ் ஆழத்தைப் பின்னாலிருந்து முன்னுக்கு இப்படிப் பங்கிடலாம். சுவரோரமாக 16 குமிழ் ரயில்வேக்கு: தண்டவாளத்துக்கு 8, நடைமேடைக்கு 8. அடுத்த 32 குமிழ் கடைவரிசைக்கு. அதற்கு முன்னால் 16 குமிழ் நெடுஞ்சாலை. 6 குமிழ் அகலக் கார்கள் இரண்டு எதிரெதிரே போக இது போதும். மீதமுள்ள 32 குமிழ் தோட்டத்துக்கு. உயரமான கடைவீடுகள் பின்னாலும் தோட்டத் தொழிலாளர்களின் தாழ்ந்த லயத்து வீடுகள் முன்னாலும் அமைவதால், பார்க்கிறவருடைய கண்ணுக்கு எதுவும் மறைவதில்லை.

ரயில் விஷயத்தில் ஆசைக்குக் கடிவாளம் போட வேண்டும். லெகோவின் வளைவுத் தண்டவாளம் 16 துண்டுகள் சேர்ந்தால்தான் ஒரு முழு வட்டம். அந்த வட்டத்தின் குறுக்களவு தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகளின் வெளிவிளிம்பு வரை 88 குமிழ், அதாவது 70 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ரயில் சுற்றிச்சுற்றி ஓட வேண்டுமென்று அதை வைத்தால் மேசையின் முழு ஆழத்தையும் அதுவே விழுங்கிவிடும். எட்டு நேர்த்துண்டுகளை ஒரே கோடாகப் போட்டு, நடைமேடையில் ஒரு ரயிலை நிறுத்திவிடுவதே சரியென்று நினைக்கிறேன்.

இனி நிலம். அடித்தட்டின் மேல் நேரடியாகக் கட்டடம் எழுப்பினால் ஊர் முழுவதும் ஒரே மட்டமாக இருக்கும். சாக்கடை தோண்டவும் முடியாது. ஆகவே அடித்தட்டின் ஓரங்களிலும் இடையிடையேயும் ஒரு கட்டை உயரத்துக்குக் கால்கள் வைத்து, அவற்றின்மேல் 16க்கு 16 தட்டுகளைப் பரப்பி நிலத்தை உயர்த்த வேண்டும். ஓரத்துக் கால்களில் சிலவற்றைத் துளையுள்ள டெக்னிக் கட்டைகளாக வைத்தால், பக்கத்துப் பகுதியோடு அதற்குரிய பிளாஸ்டிக் ஆணி கொண்டு பூட்டலாம். வேண்டும்போது கழற்றியும் எடுக்கலாம். தீபாவளிக்கு வீடு நிறைய விருந்தினர் வரும்போது மேசையை ஒதுக்க வேண்டியிருந்தால், இந்த ஏற்பாட்டின் அருமை புரியும். உள்ளே கிடைக்கும் வெற்றிடத்தில் சிறு விளக்குகளின் மின்கம்பிகளையும் மறைத்து இழுத்துவிடலாம்.

இப்படி உயர்த்திய நிலம் 12.8 மில்லிமீட்டர் உயரம் பெறுகிறது. நம் அளவுவிகிதத்தில் அது அரை மீட்டருக்குச் சற்று அதிகம். கடைவரிசைக்கு முன்னால் ஓடும் லோங்காங் என்னும் திறந்த சாக்கடையின் ஆழமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சாலையை ஒட்டிய விளிம்பில் 2 குமிழ் அகலத்துக்கு மேல்தட்டை விட்டுவிட வேண்டும். அந்த வரிசையில் மட்டும் 16க்கு 16 தட்டுக்குப் பதிலாக 8க்கு 16 தட்டு ஒன்றும் 6க்கு 16 தட்டு ஒன்றும் போட்டால் கணக்கு சரியாக வரும். பள்ளத்தின் அடியில் கருஞ்சாம்பல் தட்டுகளும், ஓரிரு இடங்களில் பாசிப் பச்சையும் வைத்து, ஒவ்வொரு கடைக்கும் ஏறும் இடத்தில் வரிவரியான கிராதித் தட்டால் மூடிவிட வேண்டும். இந்தச் சாக்கடை ஒன்று வந்துவிட்டாலே, பார்க்கிறவர்கள் இது மலேசியப் பட்டணம் என்று சொல்லிவிடுவார்கள்.

கடைவீடுகள்தான் இந்த ஊரின் முகம்; இவற்றில் நேரம் செலவிடத் தயங்கக் கூடாது. ஒரு மனைக்கு 16 குமிழ் அகலம் கொடுத்தால் அது உண்மையில் 5.4 மீட்டருக்குச் சமமாகிறது. பழைய கடைகளின் அகலத்துக்கு நெருங்கி வருகிறது. 128 குமிழில் எட்டு மனைகள் அடங்கும். அவற்றில் ஒன்றை வெறும் சந்தாக விட்டு, ஒட்டுக்கடை ஒன்றை அதன் வாயிலில் நிறுத்தினால் வரிசைக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். ஆழத்தில் லோங்காங்குக்கு 2, மேல்மாடியின் அடியில் கடைகளுக்கு முன்னால் ஓடும் நடைபாதையான அஞ்சடிக்கு 5, கட்டடத்துக்கு 20, பின்சந்துக்கு 5 என்று 32 குமிழும் தீர்ந்துவிடும். உண்மைக் கடைவீடுகள் இதைவிட நெடுக உள்ளே போகும் என்பது உண்மைதான். ஆனால் முன்னாலிருந்து பார்ப்பவருக்கு அந்தக் குறை தெரியாது.

அஞ்சடியின் 5 குமிழில் முன்விளிம்பு ஒரு குமிழ் தூண்களுக்கு. மிச்சம் நான்கில் ஓர் உருவம் நடக்க, இன்னோர் உருவம் கோப்பிக் கடை நாற்காலியில் உட்கார இடம் இருக்கும். மேல்மாடி முன்னே வந்து தூண்களின்மேல் உட்கார வேண்டும். அந்த நிழல்தான் இந்தக் கட்டட வகையின் உயிர். நம் அஞ்சடிகளில் ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குப் போகும்போது தரை ஒரே மட்டத்தில் இருப்பதில்லை என்பதை நடந்து பழகியவர்கள் அறிவார்கள். அதைக் காட்டுவது எளிது: ஒரு கடையின் தரையைப் பக்கத்துக் கடையைவிட ஒரு தட்டு உயர்த்திவிட்டால், 3.2 மில்லிமீட்டர் என்பது 13 சென்டிமீட்டர் படியாகிவிடும். ஒவ்வொரு கடைக்கும் தரைநிறத்தையும் மாற்ற வேண்டும். ஒன்றுக்குச் செங்காவி, அடுத்ததற்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம், அதற்கடுத்ததற்கு வெறும் சிமெண்டுச் சாம்பல்.

கடைப் பலகைகளைச் சுவரில் பக்கவாட்டில் பொருத்தப் பக்கக் குமிழ் உள்ள கட்டைகள் தேவை. இங்கே ஒரு கணக்கை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்: ஐந்து தட்டுகளின் உயரம் 16 மில்லிமீட்டர்; இரண்டு குமிழ்களின் அகலமும் 16 மில்லிமீட்டர். ஆகவே நேராக நிற்கும் சுவரில் ஐந்து தட்டு உயர இடைவெளி விட்டால், படுக்கையாகத் திரும்பிய இரண்டு குமிழ் அகலப் பலகை அதில் மயிரிழைகூடப் பிசகாமல் அமரும். மேல்மாடிச் சன்னல்களின் மரத்தடுப்புகளுக்கும் இதே கணக்குதான். எழுத்துகளைச் சிறு தாளில் அச்சிட்டு வழவழப்பான தட்டின்மேல் ஒட்டினால் போதும். மலாய், சீனம், தமிழ் மூன்றும் வரிசையில் கலந்திருக்கட்டும்.

தோட்டத்துக்கு விட்ட முன்பகுதியில் பாதியாவது மரங்களாக இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். எல்லா இடத்திலும் கட்டடம் வைத்துவிட்டால் தோட்டப்புறம் என்பதற்கே பொருளில்லை. செம்பனையை உண்மையில் ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில், முக்கோண ஒழுங்கில் நடுகிறார்கள். நம் விகிதத்தில் அது 27 குமிழ். அப்படி நட்டால் மேசையில் சில மரங்கள்தான் நிற்கும். இடைவெளியை 8 குமிழாகச் சுருக்கிக்கொண்டு, முக்கோண ஒழுங்கை மட்டும் விட்டுக்கொடுக்காமல் காக்க வேண்டும். வரிசைக்கும் வரிசைக்கும் 7 குமிழ், ஒன்றுவிட்டு ஒரு வரிசை 4 குமிழ் தள்ளி என்று நட்டால், எந்தக் கோணத்தில் பார்த்தாலும் சாய்கோடாக நீளும் நிரைகள் தெரியும். பேருந்துச் சன்னலில் நாம் பார்ப்பதும் அந்த நிரைகளைத்தான்.

பால்மரம் வைக்கிறவர்கள் உருளைக் கட்டைகளால் அடிமரம் எழுப்பி, இடுப்பு உயரத்தில் ஒரு சுற்றை மட்டும் வெளிறிய மரநிறத்தில் போட்டால் பட்டை சீவிய இடம் தெரியும். வெட்டுக்கோட்டை வரையவும் விரும்பினால், அது இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். பால் வெட்டியவர்கள் யாராவது வீட்டுக்கு வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். கோட்டின் கீழ்முனையில் ஒரு குமிழ் அளவுள்ள வெள்ளை உருளைத் துண்டு, பால் பிடிக்கும் கிண்ணமான மங்காக நிற்கும். மரங்களின் உயரத்தை 10 சென்டிமீட்டருக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கடைவரிசை மறைந்துபோகும்.

மீதி இடத்தில் லயத்து வீடுகள் ஒரு நிரை, காலையில் தொழிலாளர்கள் பெயர் கொடுக்கக் கூடும் பெரட்டுக் களம், பால் கொட்டகை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை ஆகியவற்றை வைக்கலாம். லயத்து வீடுகளுக்குத் தகரக்கூரை; வரிபோட்ட சிறு தட்டுகளைச் சாம்பலும் துருப்பழுப்பும் கலந்து அடுக்கினால் தகரத்தின் மடிப்பு வந்துவிடும். பெரட்டுக் களத்தை வெறும் மண்ணிறத் திடலாக விட்டு, ஓரத்தில் ஒரு கம்பத்தை மட்டும் நட்டால் போதும். தமிழ்ப்பள்ளி இல்லாமல் தோட்டம் நிறைவடையாது என்றாலும், பள்ளிக் கட்டடம் நீளமானது. மேசையின் ஓரத்தில் அதன் முகப்பை மட்டும் காட்டி, மீதி மேசைக்கு வெளியே தொடர்வதாக விட்டுவிடலாம்.

மாரியம்மன் கோயிலின் கோபுரம் சற்றுப் பொறுமை கேட்கும். அடிநிலை 12க்கு 8 குமிழ் என்றால் அடுத்த நிலை 10க்கு 6, அதற்கடுத்தது 8க்கு 4 என்று நான்கு பக்கமும் ஒவ்வொரு குமிழாகக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். உச்சியில் கலசங்கள் ஒற்றைப்படையில் வர வேண்டும். கீழே உள்ளதோ இரட்டைப்படை அகலம். நடுவில் ஒரே குமிழ் உள்ள இரட்டைத் தட்டு இதற்கென்றே இருப்பதுபோல் உதவுகிறது; அது எதையும் அரைக் குமிழ் நகர்த்தி நட்டநடுவில் நிறுத்திவிடும். பொம்மைகளை அச்சாக வைக்க முயல வேண்டாம். சின்னஞ்சிறு வண்ணத் துண்டுகளை நெருக்கமாக வைத்தால், கண் தானாகவே அவற்றைச் சிலைகளாகப் பார்த்துக்கொள்ளும்.

கட்டும் வரிசையைப் பொறுத்தவரை, நிலமும் சாலையும் லோங்காங்கும் முழுவதும் முடிந்த பிறகே முதல் கடையைத் தொடங்க வேண்டும். மனைகளில் அட்டைப் பெட்டிகளைக் கடைகளின் உயரத்துக்கு வெட்டி நிறுத்திச் சில நாள் பார்த்தால், எது உயரம், எது நெருக்கம் என்று காசு செலவாகும் முன்பே தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு பெட்டியாக எடுத்துவிட்டு அங்கே கடையை வைக்கலாம். கட்டடத்தைத் தரையோடு முழுவதும் அழுத்திவிடக் கூடாது. தரையில் நான்கைந்து குமிழ்களை மட்டும் விட்டு மற்ற இடத்தை வழவழப்பான தட்டால் மூடினால், துடைக்கவும் திருத்தவும் எளிதாகத் தூக்கலாம். சுவருக்கான கட்டைகளை நிறம் பார்த்து மொத்தமாக வாங்குவதும், கண்ணுக்குத் தெரியாத கால்களுக்குப் பழைய கலவைக் கட்டைகளைப் பயன்படுத்துவதும் செலவைக் குறைக்கும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் வீட்டில் இருந்தால், சிறு துண்டுகளைப் பிரித்து வைக்கும் பெட்டிகள் மூடியோடு உயரத்தில் இருக்க வேண்டும்.

இந்தக் கட்டைகள் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கால் ஆனவை. வெயில் பட்டால் வெள்ளையும் சாம்பலும் மஞ்சளித்துவிடும். ஆகவே மேசை சன்னலுக்கு நேரே இருக்கக் கூடாது. தூசியை அகலமான மென்தூரிகையால் வாரந்தோறும் தட்டிவிட வேண்டும். பல்லி எச்சம் பட்ட துண்டுகளைக் கழற்றி, 40 பாகை செல்சியசுக்கு மிகாத சோப்புத் தண்ணீரில் கழுவி, மின்விசிறிக் காற்றில் உலர்த்தலாம். முடி உலர்த்தியின் சூடான காற்றைக் காட்டினால் துண்டுகள் வளைந்துபோகும், பிறகு அவை எதிலும் பிடிக்காது.