ஆசிட் வீச்சு வழக்கில் அப்பீல் போகும்போது சறுக்கும் இடங்கள்

செஷன்ஸ் கோர்ட் தண்டனை கொடுத்ததும், குற்றவாளியின் குடும்பம் வக்கீலிடம் முதலில் கேட்பது "எப்படியாவது தண்டனையைக் குறைச்சுக் கொடுங்க சார்" என்றுதான். சறுக்கல் அங்கேயே ஆரம்பம். 2013-இல் வந்த இ.பி.கோ. 326ஏ பிரிவிலும் சரி, 2024 ஜூலையிலிருந்து அதன் இடத்தில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 124(1)-இலும் சரி, குறைந்தபட்சமே 10 ஆண்டு. அதற்கு மேல் கொடுத்திருந்தால் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். சரியாகப் பத்துதான் என்றால், குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டு வயதான அம்மா, சின்னக் குழந்தைகள் என்று பக்கம் பக்கமாக எழுதினாலும் ஹைகோர்ட் அதற்குக் கீழே இறங்க முடியாது. வீசியது இவர்தான் என்பதற்குச் சாட்சியம் போதுமா, பிரிவு பொருந்துமா என்றுதான் பார்க்க வேண்டும்.

அதிலும் "அது ஆசிட்டே இல்லை, பாத்ரூம் கழுவுகிற திரவம்" என்ற வாதம் எடுபடாது. அரிக்கும் அல்லது எரிக்கும் தன்மையோடு, உடம்பில் தழும்போ ஊனமோ உண்டாக்கக்கூடிய எதுவும் சட்டத்தின் கண்ணில் ஆசிட்தான். காயம் ஆறிவிட்டது என்பதும் உதவாது, பாதிப்பு மீளமுடியாததாக இருக்க வேண்டியதில்லை என்று அந்தப் பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. குறைந்தபட்சத் தண்டனை இல்லாத பழைய 326-இல்கூட (ஆபத்தான ஆயுதம் அல்லது பொருளால் கொடுங்காயம் ஏற்படுத்தும் குற்றம்) இரக்கம் எடுபடாமல் போனதுண்டு: ஆந்திர வழக்கு ஒன்றில் ஓராண்டுத் தண்டனையை, உள்ளே இருந்த 30 நாளே போதும் என்று ஹைகோர்ட் குறைத்ததை 2017-இல் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது.

ஹைகோர்ட்டுக்குப் போக 60 நாள். தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாட்கள் அதில் சேராது, சிறைத்தண்டனை பெற்றவருக்கு நகல் இலவசம். அப்பீல் போட்டாலே ஆள் வெளியே வந்துவிடுவார் என்று நினைக்காதீர்கள், தண்டனையை நிறுத்திவைக்கத் தனி மனு வேண்டும், அரசு வக்கீல் எழுத்தில் ஆட்சேபிக்க வாய்ப்பு கொடுத்த பிறகுதான் முடிவு. இந்த நேரத்தில் சமரசம் பேச பாதிக்கப்பட்டவர் வீட்டுக்கு ஆள் அனுப்புவது இருப்பதிலேயே பெரிய மடத்தனம். இது ராஜியாகிற குற்றமே இல்லை, மிரட்டல் என்று புகார் போனால் கிடைத்த ஜாமீனும் போகும்.

பாதிக்கப்பட்டவர் பக்கமும் ஒரு குழப்பம் உண்டு. விடுதலை, சின்னப் பிரிவில் தண்டனை, குறைந்த இழப்பீடு ஆகியவற்றை எதிர்த்து அவரே அப்பீல் போகலாம், ஆனால் தண்டனைக் காலம் போதாது என்றால் அரசுதான் போக வேண்டும். அவருக்குச் சேர வேண்டிய அபராதப் பணம் அப்பீல் முடியும்வரை கைக்கு வராது. அதற்காகக் காத்திருக்காமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீட்டுக்கு உடனே மனு கொடுத்துவிடுங்கள், அது தனிக் கணக்கு.