வெங்காயச் சமோசா நமத்துப் போகாமலிருக்க

வெங்காயச் சமோசாவுக்குப் பூரணத்தை வதக்கவே வேண்டாம். 2 பெரிய வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி, உப்பு, மிளகாய்த்தூள், பச்சை மிளகாய், சோம்பு போட்டுப் பிசறி, ஒரு கைப்பிடி மெல்லிய அவலை நனைக்காமல் அப்படியே கலந்து 10 நிமிடம் வையுங்கள். உப்பு பட்டதும் வெங்காயம் விடும் தண்ணீரை அவல் குடித்துவிடும். சமோசா ஷீட் ஊறிக் கிழியாது, எண்ணெயும் அவ்வளவாகத் தெறிக்காது. மிதமான தீயில் பொரித்தால் வெங்காயம் உள்ளேயே வெந்துவிடும். கெட்டி அவல் வேண்டாம், பல்லில் மாட்டும்.

உருளைக்கிழங்குப் பூரணத்துக்கு இது ஒத்துவராது, தொண்டையை அடைக்கும். அப்புறம், முதல் நாளே மடித்து வைப்பதாக இருந்தால் வெங்காயத்தை வதக்கித்தான் ஆக வேண்டும்.