முதலில் தட்டுங்கள், பிறகு அலகிடுங்கள்

பாரதியின் 'முரசு' பாட்டை அலகிடச் சொன்னால், அதாவது சீரும் அசையுமாகப் பிரித்துக் காட்டச் சொன்னால், என் வீட்டுக்குப் படிக்க வரும் பிள்ளைகள் உடனே தேமா, புளிமா என்னும் வாய்பாட்டைத் தேடுவார்கள். நான் பென்சிலை வாங்கி வைத்துக்கொள்வேன். மேசையில் விரலால் தட்டியபடி முதல் இரண்டு அடிகளை மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும். காதுக்குப் பிடிபட்ட பிறகுதான் தாள்.

இனிச் சீர் பிரியுங்கள்: வெற்றி / எட்டுத் / திக்கும் / எட்டக் / கொட்டு / முரசே. ஆறு சீர். தனி எழுத்தோ, மெய்யோடு சேர்ந்த ஓரெழுத்தோ நேர் அசை. வெற்-றி நேர் நேர், தேமா. அடுத்த நான்கும் தேமாவே. கடைசிச் சீரை மு-ர-சே என்று மூன்றாக உடைத்துவிடாதீர்கள். குறிலும் குறிலும் இணைந்தால் நிரை அசை. முர-சே நிரை நேர், புளிமா. 'வேதம் என்றும் வாழ்க என்று கொட்டு முரசே' என்ற அடியிலும் அதே ஐந்து தேமா, ஒரு புளிமா. ஐந்து தட்டு ஒரேபோல் விழுந்து, ஆறாவதில் கை துள்ளுகிறது.

வெ, வே என அடிகளின் முதலெழுத்து ஒத்து வருவது அடிமோனை. இரண்டாம் எழுத்து ஒத்து வரும் எதுகையை இந்த இரண்டடிக்குள் தேட வேண்டாம். 'வெற்றி'க்கு இணையான 'நெற்றி' மூன்றாம் அடியில் காத்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். முதல் அடியில் இரட்டித்த வல்லினங்களை வட்டமிடுங்கள்: ற்றி, ட்டு, க்கு, ட்ட, ட்டு. ஐந்து சீரிலும் நடுவில் ஓர் அறை. எட்டு என்பது எண், எட்ட என்பது வினை. பொருள் வேறு, அடி விழும் ஓசை ஒன்றே. இரண்டாம் அடியில் 'வேதம் என்றும் வாழ்க என்று' வரை அப்படி ஒன்றுகூட இல்லை. வாழ்த்தும்போது குரல் தணிகிறது. 'கொட்டு' வந்ததும் மீண்டும் கோல் தோலில் படுகிறது. திரும்பத் திரும்ப வருவதால் மட்டுமல்ல, இப்படித் தணிந்து எழுவதாலும்தான் 'கொட்டு முரசே' அலுப்பதில்லை.

மூன்றாம் அடிக்கு வாருங்கள்: 'நெற்றி யொற்றைக் கண்ண னோடே நிர்த்தனம் செய்தாள்'. ஐந்தாம் சீர் நிர்த்-தனம் நேர் நிரை, கூவிளம். முடிவில் முரசு இல்லை. எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தட்டிக்கொண்டே வந்தவள் இங்கே கையை நிறுத்தி, "முரசு எங்கே ஐயா?" என்று கேட்டாள். அடுத்த அடியையும் சொல் என்றேன். 'நித்த சக்தி வாழ்க வென்று' என்று தொடங்கியவள், 'கொட்டு முரசே' வந்தபோது மேசையை உள்ளங்கையாலேயே அறைந்தாள்.