ஜப்பான் டிராக் ஃபிரேமா, இத்தாலி ஃபிரேமா? வாங்குறதுக்கு முன்னாடி இத பாருங்க

பழைய டிராக் சைக்கிள் (வட்டமான ரேஸ் மைதானத்துல ஓட்டுற சைக்கிள்) வாங்கப் போறீங்கன்னா பெயிண்ட பாத்து மயங்காதீங்க, மொதல்ல ஃபிரேம தலைகீழா கவுத்து பாட்டம் பிராக்கெட்ட, அதாவது பெடல் அச்சு உக்கார்ற இடத்த பாருங்க. அங்க என்ஜேஎஸ் (NJS) முத்திரை இருந்தா அது ஜப்பான்ல கெய்ரின்ங்கற டிராக் சைக்கிள் ரேஸுக்கு அனுமதி வாங்குன ஸ்டீல் ஃபிரேம், 1948லேந்து ஜனங்க பணம் வச்சு பந்தயம் கட்டுற ரேஸ்ங்கறதால அங்க அவ்ளோ கறார்.

அப்புறம் ஷெல் (பாட்டம் பிராக்கெட் உக்கார்ற குழாய்) அகலத்த அளந்துடுங்க, ஜப்பான்ல பெரும்பாலும் 68 மிமீ, இத்தாலில 70, மரையும் வேற. இத்தாலில ரெண்டு பக்கமும் வலது மரை, அதனால செயின் பக்கம் பேரிங்க பிடிக்கிற கப் ஓட்ட ஓட்ட லூஸாகும், நல்லா இறுக்கி மாட்டணும்.

லாக்ரிங் (பின் சக்கரத்து பல்சக்கரம் கழராம பிடிக்கிற வளையம்) விஷயத்துல ரொம்ப கவனம், இத்தாலி கம்பெனி கம்பக்னோலோவோட ஹப்ல (சக்கரத்தோட நடுப்பகுதி) ஜப்பான் ஷிமானோ லாக்ரிங்க திணிச்சா மரையே போயிடும். என் ஓட்டு ஜப்பானுக்குத்தான், பார்ட்ஸ் மாத்துறது சுலபம்.