கையெழுத்துப் போட்ட பிறகு வாடகைதாரர் பின்வாங்கினால்

ஒப்பந்தமும் போட்டு அட்வான்சும் வாங்கிய பிறகு "வீடு வேண்டாம்" என்று போன் வந்தால், முதலில் பார்க்க வேண்டியது சாவி யாரிடம் இருக்கிறது என்பதைத்தான். அவர் கையில் இருந்தால், உள்ளே ஒரு பாய்கூட இல்லாவிட்டாலும் வீடு அவர் அனுபவத்தில்தான் இருக்கிறது. பூட்டை உடைப்பது, கரண்டைத் துண்டிப்பது, வேறு ஆளைக் குடிவைப்பது எல்லாம் வழக்கை உங்கள் மேல் திருப்பிவிடும்.

போனில் சொன்னது போதாது. தேதி, வீட்டு முகவரி, மின் இணைப்பு எண், மீட்டர் ரீடிங், "சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், இனி எனக்கு உரிமை இல்லை" என்ற வரி, இரண்டு சாட்சிக் கையெழுத்து இவற்றோடு ஒரு கடிதம் வாங்குங்கள். கீழக்கரைப் பக்கம் நடப்பதுபோல ஆள் வெளிநாட்டில் இருந்தால், இன்னாரிடம் சாவி கொடுத்தனுப்புகிறேன் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதச் சொல்லுங்கள். பதிலே இல்லையென்றால், 15 நாள் கெடு வைத்து பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோடு விரைவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது பணம். சண்டை வருவது இங்கேதான். 'அட்வான்ஸ் திரும்பாது' என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் முழுவதையும் அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி நியாயமான ஈடு மட்டும்தான் கிடைக்கும். எழுதிய தொகைக்கு மேலும் போகாது. நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் முயன்றீர்களா என்பதும் கேள்வியாகும். அதனால் சாவி வந்த அன்றே 'வாடகைக்கு' போர்டு மாட்டி, தேதி தெரியப் படம் எடுத்து, புரோக்கரிடமும் சொல்லிவையுங்கள்.

கணக்கு இப்படி: வாடகை 8,000, அட்வான்ஸ் 24,000. ஒன்றரை மாதம் காலியாகக் கிடந்தால் 12,000, புரோக்கர் கமிஷன் 2,000. மீதி 10,000 அவருக்குத் திரும்ப வேண்டும்.

எந்த மாதத்தில் போனார் என்பதும் கணக்கை மாற்றும். ஆடி அமாவாசைக்கு முன் ராமேஸ்வரத்தில் கோயில் பக்கத்துக் கடையை விட்டுப் போனால் வேறு ஆள் சீக்கிரம் கிடைப்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மண்டபத்தில் கருவாட்டு குடோன் காலியானால் படகு கடலுக்குப் போகும்வரை கேட்க ஆளிருக்காது. குடோன் ஒப்பந்தம் எழுதும்போதே தடைக்காலத்தைக் குறிப்பிட்டு அறிவிப்புக் காலத்தை இரண்டு மாதமாக வையுங்கள்.

ஒத்திக்கு (மாத வாடகை இல்லாமல் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு) விட்டிருந்தால் இன்னும் கவனம். மொத்தத் தொகையையும் செலவழித்துவிட்டு, அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் தருவேன் என்றால் வட்டியோடு கேட்பார்கள்.

பேசி முடியாவிட்டால் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்கீழ் அமைந்த வாடகை அதிகார அமைப்பு, வாடகை நீதிமன்றம் இருக்கின்றன. ஆனால் ஒப்பந்தத்தை அந்த அதிகார அமைப்பில் பதிவு செய்யாமல் போனால் அந்தத் தாளை வைத்து வாதாடுவது கஷ்டம். 11 மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு வேண்டாம் என்பது பத்திரப்பதிவுச் சட்டத்தோடு நிற்கிற பேச்சு. வாடகைச் சட்டத்துக்கு அது பொருந்தாது.

தீர்ந்ததும் மீதியை வங்கி வழியாக அனுப்பி, ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் 'கணக்கு முடிந்தது' என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.